செவிக்கு விலை – 14: பதினேழு நாள் இடைவெளி

சென்ற வாரம் 1978-இல் நிறுத்தியிருந்தோம். அமெரிக்காவில் அதுவரை காதைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் வேறு, காது மிஷின் விற்கிற வியாபாரி வேறு. அமெரிக்கப் பேச்சு–செவித்திறன் சங்கம் தன் ஒழுக்க விதிகளிலேயே அதை எழுதி வைத்திருந்தது: உறுப்பினர் எவரும் லாபத்துக்குக் கருவி விற்கக் கூடாது. சோதிப்பவருக்கே விற்பனையில் லாபம் இருந்தால் சோதனை முடிவு அந்தப் பக்கம் சாயும் என்ற அச்சம்தான் காரணம்.

1978 ஏப்ரல் 25 அன்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் பொறியாளர் சங்கம் ஒன்றின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கட்டணத்தில் போட்டி போடக் கூடாது என்று பொறியாளர்கள் தங்களுக்குள் விதி வைத்திருந்தார்கள். போட்டி வந்தால் கட்டுமானத்தின் தரம் கெடும், மக்கள் உயிருக்கு ஆபத்து என்று வாதாடினார்கள். நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. பொதுமக்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் போட்டியை ஒரு சங்கம் அடைக்க முடியாது என்றது.

காதுக்கும் கட்டடத்துக்கும் தொடர்பில்லை. ஆனாலும் தன் விதிக்கும் இதே கதி நேரும் என்பது செவித்திறன் சங்கத்துக்குப் புரிந்தது. தடை விலகியது. சோதிப்பவரும் விற்பவரும் ஒருவரே ஆகலாம் என்ற காலம் தொடங்கியது.

இந்த வாரம் நம் ஊருக்கு வருகிறோம்.

இரண்டு தேதிகள்

2022 செப்டம்பர் 30. டெல்லியில் மத்திய சுகாதார அமைச்சகம் அரசிதழில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மருத்துவக் கருவிகளை விற்கிற, இருப்பு வைக்கிற எவரும் இனி மாநில உரிம அதிகாரியிடம் பதிவுச் சான்று பெற வேண்டும். படிவம் எம்டி-42. காது மிஷின் கடைகளும் அதற்குள் வந்தன.

2022 அக்டோபர் 17. அமெரிக்காவில் பதினெட்டு வயது நிரம்பியவர்கள், லேசான அல்லது நடுத்தரக் கேட்புக் குறை தமக்கு இருப்பதாக உணர்ந்தால், சோதனையோ சீட்டோ இல்லாமல் மருந்துக் கடையில் காது மிஷின் வாங்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

இரண்டுக்கும் நடுவே பதினேழு நாள்.

இரண்டு நாடுகளும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன: கல்லாவுக்குப் பக்கத்தில் ஆடியாலஜிஸ்ட் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வந்த வழி வேறு. அமெரிக்கா அதை ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டு, பகிரங்கமாக முடிவெடுத்தது. இந்தியாவில் அந்த முடிவை யாரும் எடுக்கவே இல்லை. எல்லா மருத்துவக் கருவிகளுக்கும் சேர்த்து எழுதிய பொது விதி ஒன்றின் வழியாக அது வந்து சேர்ந்தது.

ஏன் அப்படி ஆயிற்று? அதற்கு மைசூரிலிருந்து தொடங்க வேண்டும்.

மைசூர், 1965

மைசூரில் அகில இந்தியப் பேச்சு செவித்திறன் நிறுவனம் தொடங்கியது 1965 ஆகஸ்டில். மும்பை நாயர் மருத்துவமனை வளாகத்திலும் 1960-களில் பயிற்சி தொடங்கியது. இந்திய ஆடியாலஜிஸ்ட்டுகளின் முதல் தலைமுறை இந்த இரு இடங்களில் உருவானது. பாடநூல்களும் முறைகளும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அந்த அறிவியல் வந்தது. அங்கே கொதித்துக்கொண்டிருந்த சண்டை வரவில்லை. சோதிப்பவர் விற்கலாமா என்று இங்கே கேட்க வேண்டிய அவசியமே இல்லை, விற்பதற்குச் சந்தை என்று ஒன்று பெரிதாக இல்லாததால்.

அன்றைக்கு மிஷின் என்றால் சட்டைப் பையில் செருகும் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஏறும் ஒயர். 1972-இல் கான்பூரில் செயற்கை உறுப்புகள் தயாரிப்புக் கழகத்தை, அதாவது அலிம்கோவை, அரசு நிறுவியது. 1981-இல் கருவிகளை இலவசமாகவோ பாதி விலையிலோ கொடுக்கும் 'அடிப்' திட்டம் வந்தது. மும்பையில் 1983-இல் அலியாவர் ஜங் தேசிய நிறுவனம் வந்தது. பயிற்சி கொடுத்தது, கருவி செய்தது, கொடுத்தது எல்லாம் அரசு. ஆடியாலஜிஸ்ட் சம்பளக்காரர். மிஷின் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முதல் தேதியில் அதே சம்பளம்.

அந்த ஏற்பாட்டில் குறைகள் நிறைய. வரிசையில் நின்று வாங்கிய பெட்டியைப் பலர் வீட்டு அலமாரியில் போட்டு வைத்தார்கள். பிள்ளைகளுக்குக் காதின் அளவுக்கு வார்க்கும் மோல்டை மாற்ற ஆளில்லை. ஆனால் ஒன்று மட்டும் அதில் சுத்தமாக இருந்தது: உனக்கு மிஷின் தேவை என்று சொன்னவருக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை.

13-ஆம் பிரிவு

1992-இல் நாடாளுமன்றம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தை நிறைவேற்றியது. மறுவாழ்வுத் துறையில் யார் வேலை செய்யலாம் என்பதை நிர்ணயிக்கும் சட்டம் அது. தொழில்முறையாளர் பட்டியலின் முதல் வரியிலேயே ஆடியாலஜிஸ்ட்டும் பேச்சுப் பயிற்சியாளரும் வருகிறார்கள். இரண்டு வரி தள்ளி, காது மிஷின் மற்றும் மோல்டு டெக்னீஷியன். இதை எழுதியவர்களுக்கு இந்தத் துறை தெரிந்திருந்தது.

13-ஆம் பிரிவு கடுமையானது. கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்தியாவில் எங்கும் மறுவாழ்வுத் தொழில் செய்யக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆயிரம் ரூபாய் என்ற அந்தத் தொகையை ஒரு நிமிடம் பாருங்கள். நல்ல மிஷின் ஒன்றின் விலையில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

தொகையைவிடப் பெரிய இடைவெளி வேறொன்று. சட்டம் ஆளைப் பற்றிப் பேசியது, பொருளைப் பற்றிப் பேசவில்லை. காதைச் சோதிப்பதும் மிஷினைப் பொருத்திச் சரிசெய்வதும் தொழில். அதை அட்டைப் பெட்டியில் வைத்து விற்பது? அதுவும் தொழிலா, வெறும் வியாபாரமா? சட்டத்தில் விடை இல்லை. தொழில்முறை ஒழுக்கத்தை வகுக்கும் அதிகாரம் 21-ஆம் பிரிவில் கவுன்சிலுக்கு உண்டு. ஆனால் அந்த அதிகாரம் பதிவேட்டில் இருப்பவரை மட்டும்தான் பிடிக்கும். பதிவே செய்யாத கடைக்காரரை அது தொடாது.

அமெரிக்கச் சங்கம் 1978 வரை கட்டிக் காத்த கோடு இருக்கிறதே, சோதனைக்கும் விற்பனைக்கும் நடுவே போட்ட கோடு, அதை இந்தியச் சட்டம் ஒரு நாளும் போடவில்லை. அழிக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

கள்ளிக்குப்பத்தில் ஒரு காது

அம்பத்தூர்–செங்குன்றம் சாலையை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டு பிரஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரை நினைத்துக்கொள்வோம். இது ஒரு தனி மனிதரின் கதை அல்ல. 1964-இல் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துத் தெருக்கள் பார்த்து வருகிற காது இது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து பாடி, கொரட்டூர்ப் பட்டறைகள் வரை இரும்பு இரும்பை அடிக்கிற சத்தத்தில் கெட்ட காது.

இரைச்சலால் வரும் கேட்புக் குறையை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று விதிகளில் வரம்பும் உண்டு. அந்த வரம்பு பட்டறைக்குள் எத்தனை தூரம் நுழைந்தது என்பது வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் குறை மெல்ல வரும். முதலில் போவது உயர்ந்த ஒலிகள். 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், கேட்புச் சோதனையின் வரைபடமான ஆடியோகிராமின் கோடு பள்ளமாக இறங்கும். ஆள் பேசுகிற சத்தம் கேட்கும். மெல்லிய மெய்யொலிகள் கரைந்துபோயிருக்கும். "காது கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று இவர்கள் சொல்வது அதனால்தான். வீட்டில் டிவி சத்தத்துக்குத் தகராறு. பேரப்பிள்ளை சொல்கிற கதைக்குச் சும்மா தலையாட்டல். பிறகு விசேஷங்களுக்குப் போவதே குறைந்துவிடும்.

அவருக்கு மூன்று வழிகள்.

முதல் வழி அரசு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதிலும் பேச்சு அலைவரிசையில் 60 டெசிபல் குறைந்திருந்தால்தான் அவர் கேட்புக் குறை உள்ளவர். 50 டெசிபல் குறைந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் பாதிதான் புரியும், ஆனால் சட்டத்தின் பார்வையில் அவருக்குக் குறை இல்லை. அடையாள அட்டை இல்லை. அந்த அட்டைக்குக் கிடைக்கும் இலவசக் கருவியும் இல்லை.

இரண்டாவது வழி ஆன்லைன். சில ஆயிரம் ரூபாய்க்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் சின்னப் பொருள் பார்சலில் வரும். அது எல்லாச் சத்தத்தையும் ஒன்றுபோல் கூட்டும். அவருக்குக் கெட்டுப்போன அலைவரிசையையும் நன்றாக இருக்கிற அலைவரிசையையும் பிரித்துப் பார்க்காது. பேருந்து ஹாரன் மண்டைக்குள் இறங்கும். மருமகள் பேச்சு பழையபடிதான் இருக்கும்.

மூன்றாவது வழி, தெருமுனை பேனர். 'இலவச செவித்திறன் பரிசோதனை முகாம்.'

நம் தொடரின் மொத்தச் சிக்கலும் இந்த மூன்றாவது வழியில்தான் இருக்கிறது. அங்கே சற்று நிற்போம்.

இலவசத்துக்குக் காசு கொடுப்பவர்

முறையாகக் காதைச் சோதிக்க வெளிச்சத்தம் புகாத அறை வேண்டும். அளவு திருத்திய ஆடியோமீட்டர் வேண்டும். நான்கு ஆண்டு படித்த ஒருவர் வேண்டும். காதுக்குள் பார்த்து, காற்று வழியும் எலும்பு வழியும் தனித்தனியே சோதித்து, பேச்சு எவ்வளவு புரிகிறது என்றும் பார்க்க அரை மணியாவது ஆகும். வாடகை, மின்சாரம், சம்பளம் எல்லாம் செலவு. ஆனால் வந்தவரிடம் வாங்கியது பூஜ்யம்.

அப்படியானால் யார் கொடுக்கிறார்கள்? மிஷின் வாங்குகிறவர் கொடுக்கிறார். அவர் தரும் விலைக்குள் அவருடைய சோதனை, மோல்டு, ட்யூனிங், அடுத்த மூன்று ஆண்டு சர்வீஸ் ஆகியவற்றோடு, சோதித்துவிட்டு வாங்காமல் போன மற்றவர்களின் சோதனைச் செலவும் அடங்கியிருக்கிறது. காது மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது; ஆகவே விலைக்கு வரியைக் காரணம் சொல்லவும் முடியாது. விலையின் பெரும்பகுதி பொருளுக்கா, உழைப்புக்கா, கடைக்கா என்பது பில்லில் தெரியாது. பில்லில் ஒரே வரி, ஒரே தொகை.

ஆடியாலஜிஸ்ட்டின் பக்கம் நின்று பாருங்கள். உங்கள் எதிரே இருப்பவருக்கு இப்போது மிஷின் வேண்டாம், காதில் அடைத்த குறும்பியை எடுத்தால் போதும், அல்லது முதலில் இஎன்டி டாக்டரைப் பார்க்கட்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அதைச் சொன்னால் அன்றைய உங்கள் உழைப்புக்கு வருமானம் இல்லை. விற்பனை இலக்கும் ஊக்கத்தொகையும் வைத்திருக்கிற இடமானால் மேலாளருக்கும் பதில் சொல்ல வேண்டும். அப்படியும் உண்மையைச் சொல்கிற ஆடியாலஜிஸ்ட்டுகள் ஏராளம். ஆனால் ஒரு நேர்மையான தொழிலை அன்றாடம் சோதனைக்கு உள்ளாக்குகிற ஏற்பாடு இது. அந்தப் பாரத்தைத் தனி மனிதரின் மனசாட்சியின் மேல் ஏற்றிவிட்டுச் சட்டம் ஒதுங்கி நிற்பது நியாயம் இல்லை.

இதற்கு மேலே இன்னொரு அடுக்கு உண்டு. உலகச் சந்தையின் மிகப்பெரும் பகுதி ஐந்து குழுமங்களிடம்: சுவிட்சர்லாந்தின் சோனோவா, டென்மார்க்கின் டெமான்ட், ஜிஎன், சீமென்ஸின் பழைய செவிப் பிரிவும் வைடெக்ஸும் 2019-இல் இணைந்து உருவான டபிள்யூஎஸ் ஆடியாலஜி, அமெரிக்காவின் ஸ்டார்க்கி. இவற்றில் சில, மிஷின் செய்வதோடு சில்லறைக் கடைகளையும் உலகெங்கும் நடத்துகின்றன. செய்பவர், விற்பவர், சோதிப்பவர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டார்கள்.

சங்கத்தின் இரு குரல்கள்

இந்த இடத்தில் சங்கங்கள் வருகின்றன. இந்தியப் பேச்சு செவித்திறன் சங்கம் 1960-களின் நடுவில் பிறந்தது. பதிவில்லாத போலிகளைத் தடுங்கள் என்பது அதன் நெடுநாளைய குரல். அந்தக் குரலில் உண்மை இருக்கிறது. ஒரு பக்கக் காது மட்டும் கேட்காமல் போவது நரம்புக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். திடீரென்று கேட்காமல் போனால் சில நாட்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும். செவிப்பறைக்குப் பின்னால் எலும்பை அரிக்கிற நோய் சீழாக மட்டுமே வெளியே தெரியலாம். மிஷினை மாட்டி அனுப்புகிற கடைக்காரர் இவற்றைத் தவறவிட்டால் இழப்பு காதோடு நிற்காது.

அதே சமயம், 'பதிவு பெற்றவர் மட்டுமே' என்ற கோரிக்கை நிறைவேறினால் உறுப்பினர்களின் வருமானமும் கூடும். இரண்டும் சேர்ந்தே உண்மை. பாதுகாப்பு எங்கே முடிகிறது, பிழைப்பு எங்கே தொடங்குகிறது என்று வெளியில் நிற்பவர் எப்படிப் பிரித்தறிவது?

அதற்கு ஒரு துல்லியமான உதாரணம் அமெரிக்காவில் கிடைத்தது.

2015 அக்டோபரில் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, ஒரு மிஷினின் சராசரி விலை ஏறத்தாழ 2,400 டாலர் என்று சுட்டிக்காட்டி, சந்தையைத் திறக்கச் சொன்னது. 2016 ஜூனில் அந்த நாட்டுத் தேசிய அகாதமிகளும் அதையே சொன்னதோடு, பொருளின் விலையையும் சேவைக் கட்டணத்தையும் தனித்தனியே காட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தன. 2017 ஆகஸ்ட் 18-இல் சட்டம் கையெழுத்தானது. கட்சியால் எதிரெதிரான எலிசபெத் வாரனும் சக் கிராஸ்லியும் அதற்காக ஒன்றாக நின்றார்கள். விதிகளை எழுதும் பொறுப்பு உணவு மருந்து நிர்வாகத்துக்குப் போனது.

2018-இல் நான்கு அமைப்புகள் சேர்ந்து தங்கள் பரிந்துரையை வெளியிட்டன. மூன்று, ஆடியாலஜிஸ்ட்டுகளின் அமைப்புகள். நான்காவது, மிஷின் விற்பனையாளர்களுடையது. 1970-களில் யார் பெரியவர் என்று மோதிக்கொண்ட இரு தரப்பும் நாற்பது ஆண்டு கழித்து ஒரே தாளில் கையெழுத்திட்டன.

அந்தத் தாளில் இரண்டு எண்கள் முக்கியமானவை.

முதல் எண் 110. கடைச் சரக்கு மிஷினிலிருந்து வெளிவரும் உச்ச ஒலி 110 டெசிபலைத் தாண்டக் கூடாது. இது பாதுகாப்பு எண். அளவு மீறிய ஒலி, மிச்சம் இருக்கிற கேட்புத் திறனையும் கெடுக்கும்.

இரண்டாவது எண் 25. உள்ளே வருகிற ஒலியை மிஷின் 25 டெசிபலுக்கு மேல் கூட்டக் கூடாது. உச்ச ஒலிக்குத் தனி வரம்பு போட்ட பிறகு இந்த இரண்டாவது பூட்டு எதற்கு? நடுத்தரக் குறை உள்ள பலருக்கு 25 டெசிபல் போதாது. போதாத மிஷினை வாங்கியவர் மறுபடி கிளினிக் வாசலுக்குத்தான் வர வேண்டும்.

2021 அக்டோபரில் நிர்வாகம் தன் வரைவை வெளியிட்டது: உச்ச ஒலி 115 டெசிபல், சில வகைகளுக்கு 120. கூட்டல் அளவுக்கு வரம்பு இல்லை. கருத்துகள் குவிந்தன. அவற்றில் அச்சடித்தாற்போல் ஒரே வாசகம் கொண்ட கடிதங்கள் ஏராளமாக இருந்ததாகவும், அவற்றுக்குப் பின்னால் பெரிய நிறுவனங்களின் ஏற்பாடு இருந்ததாகவும் 2022-இல் வாரனும் கிராஸ்லியும் அறிக்கை வெளியிட்டுக் குற்றம் சாட்டினார்கள்.

2022 ஆகஸ்டில் இறுதி விதி வந்தது. உச்ச ஒலி 111 டெசிபலுக்கு இறங்கியது. ஒலியைத் தானே அடக்கும் வசதி கொண்டவற்றுக்கு 117. கூட்டல் அளவுக்கு வரம்பு இல்லவே இல்லை.

அதாவது, காதைக் காக்கச் சொன்ன யோசனை பெரும்பாலும் ஏற்கப்பட்டது. வாசலைக் காக்கச் சொன்ன யோசனை தள்ளப்பட்டது. நான்கு சங்கங்களும் இரண்டையும் ஒரே பெயரில், பாதுகாப்பு என்ற பெயரில், கேட்டிருந்தன. கேட்டவர்கள் யார், அதனால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்படி விவாதம் நடந்ததால்தான் இரண்டையும் பிரிக்க முடிந்தது என்பது என் கணிப்பு.

டெல்லி வழி

இந்தியாவில் அந்த விவாதம் நடக்கவில்லை. நடந்தது இது.

மருத்துவக் கருவிகள் விதிகள் 2017 ஜனவரியில் வெளியாகி, 2018 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தன. ஆனால் அவை அரசு பெயர் குறிப்பிட்ட சில கருவிகளுக்கு மட்டுமே. காது மிஷின் அந்தப் பட்டியலில் இல்லை. 2020 பிப்ரவரி 11-இல் சுகாதார அமைச்சகம் ஒரே அறிவிப்பில் எல்லா மருத்துவக் கருவிகளையும் 'மருந்து' என்ற சட்டச் சொல்லுக்குள் கொண்டுவந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் காது மிஷினும், சட்டத்தின் கண்ணில், மருந்து.

அது நல்ல திருப்பம். தரம், இறக்குமதி, தயாரிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாளர் கிடைத்தார். ஆனால் விற்பனை மேசையைப் பற்றிய விதி வர இன்னும் இரண்டரை ஆண்டு ஆனது.

செப்டம்பர் 30 அறிவிப்பை நிதானமாகப் படிக்க வேண்டும். பதிவுச் சான்று வேண்டுமானால் போதிய இடம் வேண்டும், முறையான சேமிப்பு வசதி வேண்டும், தகுதியான தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் வேண்டும். அவர் யார்? பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். அல்லது பதிவு பெற்ற மருந்தாளுநர். அல்லது பிளஸ் டூ முடித்து, மருத்துவக் கருவி விற்பனையில் ஓராண்டு அனுபவம் உள்ளவர்.

எந்தப் பட்டம் என்று விதி கேட்கவில்லை. வரலாறு படித்தவரும் வணிகவியல் படித்தவரும் போதும். கட்டுத்துணி விற்கிற கடைக்கும் ஸ்கேன் இயந்திரம் விற்கிற நிறுவனத்துக்கும் பொதுவாக எழுதிய விதி அது. அந்த அளவில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் காதைத் தொடுவதற்குப் பதிவேட்டில் பெயர் கேட்கிறது, 2022-ஆம் ஆண்டு விதி காதில் மாட்டுகிற பொருளை விற்பதற்கு ஏதோ ஒரு பட்டம் கேட்கிறது. ஒரே கடையில், ஒரே மேசையில், ஒரே மனிதரின் மேல் இரண்டும் விழுகின்றன. இரண்டு சட்டமும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

காரணம் எளிது. ஆடியாலஜிஸ்ட் சமூக நீதி அமைச்சகத்தின் கீழ். மிஷின் சுகாதார அமைச்சகத்தின் கீழ். மிஷினின் விலையும் விற்பனை ஒழுக்கமும் ரசாயனம் மற்றும் உர அமைச்சகத்தின் மருந்துத் துறையின் கீழ். கள்ளிக்குப்பத்துப் பெரியவரின் ஒரே காதுக்கு டெல்லியில் மூன்று கட்டடங்கள்.

பரிசு வாங்கியவரும் கொடுத்தவரும்

பரிந்துரைக்குக் கமிஷன் என்ற நோய் வேறு. டாக்டர்களுக்கு அதில் தெளிவான தடை உண்டு. 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள், நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்கின்றன. கொடுக்கிற நிறுவனத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் கிடைத்தது. அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனம் டாக்டர்களுக்குக் கொடுத்த அன்பளிப்புகளை வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்டியிருந்தது. 2022 பிப்ரவரி 22-இல் உச்ச நீதிமன்றத்தின் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் அமர்வு அதை மறுத்தது. வாங்குவது தவறென்றால் கொடுப்பதும் அந்தத் தவறில் பங்குதான் என்றது.

ஆனால் அந்தத் தீர்ப்பின் அடித்தளம் டாக்டர்களுக்கான ஒழுக்க விதி. கருவி நிறுவனங்களுக்கென்று தனி நடத்தை நெறி 2024 செப்டம்பரில்தான் வந்தது. பரிசு, சுற்றுலா, விருந்தோம்பல் ஆகியவற்றை அது தடுக்கிறது. நல்லது. புகார் வந்தால் முதலில் விசாரிப்பது யார்? நிறுவனங்களின் சங்கமே அமைக்கிற ஒழுக்கக் குழு.

தன் உறுப்பினர்களின் நலனுக்காக அமைச்சகத்தில் பேசுவதும் சங்கம், அதே உறுப்பினர் தவறினால் நீதி சொல்வதும் சங்கம். இந்தத் தொடர் தொடங்கிய இடத்திலிருந்து நாம் பார்த்து வருவது இந்த ஒரு முடிச்சைத்தான்.

என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது சின்ன வேலை: பில்லை உடைக்க வேண்டும். சோதனைக்கு இவ்வளவு, பொருத்துவதற்கு இவ்வளவு, மிஷினுக்கு இவ்வளவு, ஆண்டுச் சேவைக்கு இவ்வளவு என்று தனித்தனியே எழுத வேண்டும். ஆடியோகிராமின் நகலை, வாங்கினாலும் வாங்காவிட்டாலும், சோதிக்கப்பட்டவர் கையில் கொடுக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் மிஷினை விற்றால் தனக்கு என்ன கிடைக்கிறது என்று விற்பவர் எழுதி மாட்ட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மூன்று அமைச்சகங்களில் ஒன்று ஒரு சுற்றறிக்கை எழுதினால் போதும். அது வருகிற வரை, கடைக்குப் போகிற வாசகர்கள் இந்த மூன்றையும் கேட்டே வாங்குங்கள்.

ஆனால் பில்லை உடைத்த மறுநாளே ஒரு கேள்வி எழும். சோதனைக்குத் தனிக் கட்டணம் என்றால் ஓய்வு பெற்ற தொழிலாளி அதைக் கொடுத்துச் சோதிக்க வருவாரா, அல்லது வீட்டிலேயே இருந்துவிடுவாரா? சிறு குழந்தைகளின் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சையைக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் கொண்டுவந்த தமிழ்நாடு, அவர்களுடைய தாத்தாக்களின் அரை மணி நேரச் சோதனைக்கு ஏன் காசு கொடுக்கக் கூடாது? கொடுத்தால், அந்தப் பணத்துக்காக முதலில் கோட்டைக்குப் போய்ப் பேசப் போகிறவர்கள் யார்?

(தொடரும்)